சித்தப்பாவுக்கு ஒரு பத்லி

நம் வயசுக்காரர்கள் கூடினால் பேச்சு முழங்கால் வலியில் ஆரம்பித்து, சுகர், பிரஷர் எல்லாம் தாண்டி, கடைசியில் அந்தக் காலத்தில் வந்து நிற்கும். எங்கள் குடும்பத்தில் அது என் சித்தப்பாவின் ஹாக்கியில் வந்து நிற்கும். கல்யாண வீடானாலும் சரி, துக்க வீடானாலும் சரி, யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். "அவன் ஆடின ஆட்டத்துக்கு இந்தியாவுக்கே ஆடிருக்கணும். மதராஸின்னு ஓரங்கட்டிட்டானுவ." கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். பாயசம் வரும், பேச்சு மாறிவிடும்.

மதராஸி என்று நம்மை ஓரங்கட்டியவர்கள் இல்லாமல் இல்லை. தாராவியில் வளர்ந்த எனக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் சித்தப்பா விஷயத்தில் நடந்தது அது இல்லை. அந்த இரண்டு நாளும் நான் மைதானத்தில் இருந்தேன். அப்போது கூட இருந்தவர்களில் இன்று மிச்சம் நான் ஒருத்திதான். அதனால் உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில், மழை விட்டு வெயில் திரும்பிய ஒரு சமயம். எனக்கு ஒன்பது வயசு. தாராவியில் எங்களுக்கு ஒரே அறை. அதில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. அப்பாவுக்குப் பரேல் பக்கம் ஒரு மில்லில் சொந்தத் தறி. சொந்தம் என்றால் வேறொன்றும் இல்லை, பெர்மனென்ட். சித்தப்பா அதே மில்லில் பத்லி. நம் பேரப்பிள்ளைகளுக்கு இதையும் விளக்க வேண்டியிருக்கிறது. பத்லி என்றால் மாற்று ஆள். காலையில் மில் கேட்டில் போய் நிற்க வேண்டும். தறிக்காரன் எவனாவது வராவிட்டால் அன்றைக்கு அந்தத் தறி பத்லிக்கு. எல்லோரும் வந்துவிட்டால் கொண்டுபோன சாப்பாட்டு டப்பாவை வீட்டுக்கு வந்துதான் திறக்க வேண்டும்.

எங்கள் சந்தில் ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் விரலில் படும். தோல் பதனிடுகிற இடம் பக்கத்திலேயே இருந்தது. அந்த வாடை எங்களுக்கு வாடையே இல்லை. மாட்டுங்காவில் பூக்கடைகள் இருக்கும் தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போதுதான் மூக்குக்கு உறைக்கும். சாயங்காலமானால் சந்தில் ஒரு பக்கம் வத்தல் காயும், இன்னொரு பக்கம் தண்ணீர்க் குடங்கள் இருக்கும், நடுவில் மூடாத சாக்கடை ஓடும், எந்த வீட்டுக் குழந்தையாவது தவழ்ந்து வரும். இதற்குள்தான் சித்தப்பா பந்தை ஓட்டுவார். பந்து எதையும் தொடாது. மட்டையோடு பேசிக்கொண்டே போகிற மாதிரி டக்கு டக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்கிற பெண்கள் தலையைத் தூக்காமலே காலை மடக்கிக்கொள்வார்கள். அவர் போனதும் மறுபடி நீட்டிக்கொள்வார்கள்.

பந்து என் மாமா தைத்துக் கொடுத்தது. அம்மாவின் தம்பி. எங்கள் தெற்குச் சீமையிலிருந்து வந்த பாய் ஒருவரின் பட்டறையில் பெல்ட்டும் பையும் தைத்துக்கொண்டிருந்தார். உள்ளே கார்க், மேலே மிச்சத் தோல், அதற்கு மேலே சுண்ணாம்பு. எத்தனையோ தடவை சாக்கடையில் விழுந்து, கழுவி, காய்ந்து, அது கோழிமுட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. கோணல் பந்தில் பழகினதால்தான் மாப்பிள்ளைக்கு இந்தக் கை வந்தது என்று மாமா ஊரெல்லாம் பெருமை அடிப்பார். அந்தப் பந்து பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை. அம்மா அடுப்பில் போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் சித்தப்பா மாஹிமுக்கு ஆடப் போவார். அங்கே விசில் ஊதுகிற ரெஃபரி ஒரு கோவாக்காரர், ஏதோ ஆபீசில் கிளார்க். சித்தப்பாவை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். பழைய மட்டை ஒன்றும் கொடுத்தார். இடது பக்கம் உள்ளே நின்று ஆடுகிற ஃபார்வர்டை லெஃப்ட் இன் என்பார்கள். இப்படி ஒரு லெஃப்ட் இன்னை நான் பார்த்ததே இல்லை என்று அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றே சொன்னார். அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, கோப்பையில் விரிசல் இருந்ததை எண்ணி ராத்திரி வரை வருத்தப்பட்டாள்.

அவர்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். செம்பூர்ப் பக்கம் ஒரு பெரிய கம்பெனி ஹாக்கி டீம் கட்டப்போகிறது. எடுபட்டால் கம்பெனியிலேயே பெர்மனென்ட் வேலை. காலையில் பிராக்டிஸ், மத்தியானம் ஆபீஸ். அங்கே நன்றாக ஆடினால் அடுத்து பம்பாய் டீம், அதற்கு மேலே அதிர்ஷ்டம். வெள்ளியும் சனியும் மாட்டுங்கா மைதானத்தில் ஆள் எடுக்கிறார்கள். "உன் பேரைக் கொடுத்திருக்கிறேன். கோச் மிலிட்டரியில் இருந்தவர், என் வாக்கை நம்பிச் சேர்த்துக்கொண்டார்" என்றார். சித்தப்பா அவர் போன பிறகும் வெகுநேரம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கேட்டில் போய் நிற்க வேண்டாத ஒரு வேலையை அவர் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டார்.

இதற்கு நடுவில்தான் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை. அம்மா தினமும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பாள். எண்ணெய் கிடையாது, காரம் கிடையாது. வீடு முழுக்கப் பச்சிலை வாசனை. அப்பாவின் தறியில் சித்தப்பா நின்றார். தறிகளுக்கு ஆள் போடுகிற மேஸ்திரியை மில்லில் ஜாபர் என்பார்கள். தம்பி நிற்கிற வரைக்கும் தறி அண்ணனுடையது, காலியாக விட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று அவர் சொல்லியிருந்தார். அவசரமென்றால் பக்கத்துத் தறிக்காரர் கொஞ்ச நேரம் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். ஆனால் வெள்ளிக்கிழமை பெரிய சாஹேப் ரவுண்டு வருகிற நாள். அன்றைக்கு அந்த வேலை நடக்காது.

வியாழக்கிழமை சாயங்காலம் மாமாவையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார்கள்.

"நாளைக்கு ஒரு நாள் தறிய விட்டா என்னண்ணே?" சித்தப்பா கேட்டார். சத்தமே எழும்பவில்லை.

"என்னவா? ஜாபர் அவன் மச்சினன ஏத்திட்டுப் போயிட்டே இருப்பான்." அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் மஞ்சள். "பெறவு நான் எந்திரிச்சு எங்க போயி நிக்கது? ஒன்னோட சேர்ந்து கேட்டுலயா?"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்பாவுக்கே அது பொறுக்கவில்லை. "அந்த எடத்தையும் விடக் கூடாதுல. அதுக்கும் வழி பாக்கணும்" என்றார்.

மாமாதான் வழி சொன்னார். "எங்க பட்டறைக்கு வெள்ளிக்கிழமை லீவுதான அத்தான். நான் போயி நிக்கேன்."

"நீ போயி என்னல செய்வ? ஒனக்கு அந்தக் கம்பப் பிடிக்கத் தெரியுமா?" என்றாள் அம்மா.

"எதுக்குக்கா பிடிக்கணும்? பேரக் கூப்பிட்டா ஹாஜர்னு சொல்லணும். சனிக்கெழம மாப்ள போயி ஆடிக்கிடட்டும்."

அப்பா யோசித்தார். "சரிதான். மொத நாளு எங்கயும் பேருதான் கூப்பிடுவான். எடத்தப் பிடிச்சு வச்சிட்டாப் போதும்." சித்தப்பாவின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. அம்மாவும் நிம்மதியாக அடுப்பைப் பார்க்கப் போனாள்.

சிரிக்காதீர்கள். நாங்கள் முட்டாள்கள் இல்லை. எங்களுக்குத் தெரிந்த பம்பாய் அப்படித்தான் ஓடியது. குழாயடியில் எங்களுக்குப் பதில் குடம் நிற்கும். ரேஷன் கடையில் அம்மாவுக்குப் பதில் நான் நிற்பேன், எனக்குப் பின்னால் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பதில் ஒரு செங்கல் நிற்கும். அந்தச் செங்கலைத் தாண்டி யாரும் போக மாட்டார்கள், அவ்வளவு மரியாதை. ஊருக்குப் போகிறவன் தன் வேலையில் சொந்தக்காரன் ஒருவனை நிறுத்திவிட்டுத்தான் ரயில் ஏறுவான். இடம் கையை விட்டுப் போகக் கூடாது, அதில் நிற்கிற ஆள் மாறிக்கொள்ளலாம். அப்படித்தான் எங்கள் சனம் அந்த ஊரில் கால் ஊன்றியது.

வெள்ளிக்கிழமை நானும் போவேன் என்று அழுது அடம்பிடித்து மாமாவோடு ஒட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம். மாமா சித்தப்பாவின் பனியனைப் போட்டுக்கொண்டு, அவருடைய கான்வாஸ் ஷூ பெரிதாக இருந்ததால் முனையில் துணியைத் திணித்துக்கொண்டு, மட்டையைக் குடை மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். மைதானத்தில் நிறையப் பையன்கள். பாதிப் பேர் இங்கிலீஷில் பேசினார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட கோச் ஒவ்வொரு பேராகப் படித்தார். மற்றவர்கள் "யெஸ் சார்" என்றார்கள். சித்தப்பாவின் பேர் வந்ததும் மாமா மில் கேட்டே அதிர்கிற மாதிரி "ஹாஜர்" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

கோச் உடனே பையன்களை இரண்டு கட்சியாகப் பிரித்து உள்ளே அனுப்பினார். மாமாவுக்கு முழி பிதுங்கியது. நைசாக நழுவியிருக்கலாம். ஆனால் ஹாஜர் சொன்னவன் பாதியில் போனால் இடம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் உள்ளே போனார்.

அந்த ஆட்டத்தை எப்படிச் சொல்வேன். பந்து கிழக்கே போனால் மாமா மேற்கே ஓடினார். ஒரு பையன் இந்தியில் கெஞ்சிக் கேட்டான் என்று பந்தை அவனுக்குத் தள்ளிவிட்டார். அவன் எதிர்க்கட்சி. ஒருதரம் பந்தைக் கையிலேயே எடுத்து, பனியனில் துடைத்து, விசில் ஊதினவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். பந்து முழங்காலுக்குக் கீழே பட்டு ரத்தம் வந்தது. நொண்டிக்கொண்டே ஓடினார். வெளியே நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கோச் மட்டும் சிரிக்கவில்லை. தாராவி லெஃப்ட் இன் என்று சொன்னது இவனையா என்று பக்கத்தில் இருந்தவரிடம் இந்தியில் கேட்டார். ஆபீஸ் நாள் என்பதால் ரெஃபரி அன்றைக்கு வரவில்லை. வந்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும் என்று இப்போதும் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

வீட்டுக்கு வந்ததும் மாமா பெருமையாகச் சொன்னார். "விடல மாப்ள. கடேசி விசில் வரைக்கும் நின்னேன்."

"ஆட விட்டானுவளா?" சித்தப்பா திகைத்துப்போய்க் கேட்டார். "நீயா ஆடின?"

"பெறவு? எடத்த விட்டுட்டு வரச் சொல்லுதியா?"

அம்மா மாமாவின் காலுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்தாள். "நின்னாச்சுல்லா, பெறவென்ன" என்றார் அப்பா. சித்தப்பா மட்டையை வாங்கிச் சுவரோரம் சாத்திவிட்டு, "பரவால்ல, நாளைக்குச் சேத்து ஆடிருதேன்" என்றார். தறியில் இன்றைக்குக் குறைந்த துணியை நாளைக்குக் கூட்டி நெய்துவிடலாம், அந்தக் கணக்கு. எங்கள் வீட்டில் அன்றைக்கு யாருக்கும் எந்தக் கவலையும் இல்லை.

சனிக்கிழமை மூன்று பேருமாகப் போனோம். பக்கத்துத் தறிக்காரரிடம் சொல்லிவிட்டுச் சித்தப்பா வந்திருந்தார். ரெஃபரி அரைநாள் லீவு போட்டுவிட்டு எங்களுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார். பேர் கூப்பிட்டார்கள். சித்தப்பா ஹாஜர் என்றார். கோச் தலையைத் தூக்கினார்.

"நேற்று வந்தது நீ இல்லையே?"

"அது என் பத்லி, சாப். என் மச்சினன்." சித்தப்பா கூச்சமே இல்லாமல் மாமாவைக் காட்டினார். மாமா ஒரு சலாம் வைத்தார்.

கோச்சின் முகம் சிவந்துவிட்டது. ஆள் மாறாட்டம், மோசடி என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் கத்தினார். வெளியே போ என்றார். ரெஃபரி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பத்து நிமிஷம் ஆடட்டும், அதற்குப் பிறகு துரத்துங்கள் என்று கெஞ்சினார். அந்த மனுஷர் தனக்காக யாரிடமும் அப்படிக் கெஞ்சியிருக்க மாட்டார்.

சித்தப்பா ஆடினார். சரியான உருண்டைப் பந்து, புல் முளைத்த தரை. அவருக்கு அது பிள்ளை விளையாட்டாக இருந்தது. மற்றவர்கள் இடம் தேடி ஓரத்துக்கு ஓடினார்கள். அவர் கூட்டமாக நிற்கிற இடத்துக்குள்ளேயே போனார். எத்தனை பேர் சூழ்ந்துகொண்டாலும் அது எங்கள் சந்தைவிட அகலம்தானே. மூன்றாவது தரம் அவர் அப்படி உள்ளே போய் மறுபக்கம் வந்தபோது எதிர்க்கட்சிப் பையன்களே நின்று பார்த்தார்கள். முந்தின நாள் சிரித்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். மாமா என் தோளை வலிக்கிற மாதிரி அழுத்திப் பிடித்திருந்தார். அவ்வளவு அழகாக ஒரு மனுஷர் எதையும் செய்து நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

கோச் விசில் ஊதி அவரைக் கூப்பிட்டார். கோபம் போன இடம் தெரியவில்லை. தோளில் கையைப் போட்டார். நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டார். அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, அண்ணன் தறியில் நின்றேன் என்றார் சித்தப்பா. கோச் தலையை ஆட்டிக்கொண்டார்.

"சரி, போனது போகட்டும். நாளைக்கு எங்களுக்கு ஃபைனல் மேட்ச் என்று வைத்துக்கொள். அன்றைக்குப் பார்த்து உன் அண்ணன் படுத்துவிட்டார். என்ன செய்வாய்?"

சித்தப்பா யோசிக்கவே இல்லை. கோச்சுக்குத் தைரியம் சொல்கிற மாதிரி சிரித்த முகத்தோடு சொன்னார். "கவலையே படாதீர்கள் சாப். இடம் காலியாக இருக்காது. என்னால் வர முடியாவிட்டால் ஆள் அனுப்பிவிடுவேன்."

மாமா நொண்டிக் காலோடு ஒரு எட்டு முன்னால் வந்து நின்றார்.

மில் கேட்டில் இதைவிட நல்ல பதில் கிடையாது. இப்படிச் சொல்கிற ஆளைத்தான் ஜாபர் முதலில் கூப்பிடுவார். கோச் அவர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். கத்தவில்லை, திட்டவில்லை. அடுத்த பேரைக் கூப்பிட்டார். ரெஃபரி தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாப் வரை அவர் எங்களோடு நடந்து வந்தார். பஸ் வருகிற நேரத்தில்தான் வாயைத் திறந்தார். "உன் இடத்தில் நிற்பதற்கு இந்த பம்பாயிலேயே ஆள் கிடையாது. அதுகூடவா உனக்குத் தெரியாது?" என்றார். சித்தப்பா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் வந்து போய்விட்டது. அடுத்த பஸ்ஸில்தான் ஏறினோம்.

ஹாக்கிக்காரர்கள் உலகம் சின்னது. பத்லி அனுப்புகிறவன் என்று ஒரு வேடிக்கைப் பேச்சு கிளம்பி, எந்தக் கம்பெனி டீமிலும் அவரை யாரும் சட்டை செய்யவில்லை. அப்பாவுக்கு உடம்பு தேறியது. தறி அவருக்காகக் காத்திருந்தது. சித்தப்பா மறுபடி கேட்டுக்குப் போனார். மாஹிம் ஆட்டம் கொஞ்ச காலம் ஓடி, அதுவும் நின்றது. பின்னால் அவருக்கும் ஒரு தறி கிடைத்தது, கல்யாணமாகி ஆண்டாப் ஹில்லுக்குக் குடிபோனார். மதராஸிக் கதையை முதலில் சொன்னவர் அப்பாதான். பாவம், தன் தறிதான் காரணம் என்று அவர் நினைத்திருந்தால் சோறு இறங்கியிருக்காது. சித்தப்பாவும் அதை ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. மாமா அந்தப் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

அப்பா போய்ப் பல வருஷத்துக்குப் பிறகு, மில்லையும் மூடிவிட்ட காலத்தில், சித்தப்பாவைப் பார்க்க ஆண்டாப் ஹில்லுக்குப் போயிருந்தேன். டிவியில் ஏதோ ஹாக்கி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஏன் சித்தப்பா, அந்த ரெஃபரி பஸ் ஸ்டாப்புல சொன்னத மொத நாளே ஒங்ககிட்ட யாராவது சொல்லிருந்தா, வெள்ளிக்கிழம நீங்களே போயிருப்பீங்களா?"

அவர் கை நின்றது. "அப்படியாப்பட்ட ஆளு நான்னு எனக்கு எப்படித் தெரியும் பிள்ள? நம்ம வீட்டுல யாருக்குப் பதில் யாருதான் நிக்கல?" வெங்காயத் தோலைக் கூட்டி ஒரு பக்கம் ஒதுக்கினார். "தெரிஞ்சிருந்தா போயிருப்பேன். கண்டிப்பாப் போயிருப்பேன்."

அவர் டிவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகத்தோடு கேட்டார்.

"நான் போயிருந்தா, அன்னைக்கு அண்ணன் தறியில யாரு நிப்பா?"